சேர்ந்தான், சேர்க்கப்பட்டான்

சீதேவிப்பிள்ளை வந்து படலையைத் தட்டியபோது கேதீஸ்வரி எழுபத்திமூன்றாம் பக்கத்தில் இருந்தாள். கழிப்பறை கட்டிக்கொடுத்த கதையை நூற்றிருபது பக்கத்தில் எழுதியிருந்தது ஒரு தொண்டு நிறுவனம். அதுதான் அவர்களுடைய கடைசி அறிக்கை. யுத்தம் முடிந்து மூன்று மாதமாகிவிட்டது. சுனாமிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்களின் இங்கிலீசைத் திருத்திக்கொடுப்பதுதான் இப்போது அவளுக்கு மிஞ்சிய தொழில். ஐந்து வருசமாக அதே பிழைகள். 'டிஸ்கஸ்' என்றால் அதன் வாலில் ஒரு 'எபவுட்'. 'பீப்பிள்' என்றால் அதற்கும் ஒரு 'ஸ்'. சிவப்புப் பேனை தானாகவே போய்ப் போய் வெட்டியது. கண் பார்க்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

வெளியே வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வாவிப் பக்கமிருந்து புழுதியும் அழுகிய சல்பினிப் பாசியின் நாற்றமும் யன்னலால் வந்தன. காகிதங்களின்மேல் கல் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த பெண்ணொருத்தி. ஒரு கையில் பொலித்தீன் பை. மற்றக் கையில் கடதாசியில் சுற்றிய பார்சல். மணத்திலேயே கூனிக் கருவாடு என்று தெரிந்தது.

"டீச்சருக்கு என்னை அயத்துப் போயிருக்கும், ஞாபகம் இருக்காது. மாங்கேணியில இருந்து வாறன். உதயரூபன்ட தாய். சுனாமிக்குப் பிறகு வாகரைப் பக்கத்துப் பள்ளிக்குடத்துல முகாம் போட்டிருக்கக்குள்ள, நீங்க கூடாரத்துக்குள்ள வந்து இங்கிலீசு படிப்பிச்ச. அவன் முன் வாங்கில இருப்பான்."

கேதீஸ்வரிக்கு முகம் நினைவு வரவில்லை. கையெழுத்துத்தான் வந்தது. இடப்பக்கம் சரிந்த, பெரிய பெரிய எழுத்துகள்.

"வாங்க அக்கா. உள்ள வாங்க. காத்து."

முன்னறையில் வகுப்புக்குப் போட்ட நீள வாங்குப் பலகைகள் கிடந்தன. சீதேவிப்பிள்ளை அதிலொன்றின் நுனியில் இருந்துகொண்டு பையைப் பிரித்தாள். பொலித்தீனுக்குள் பொலித்தீன், அதற்குள் இன்னுமொன்று. மாங்கேணியிலிருந்து ஓடி, வாகரையிலிருந்து காட்டுவழியாக நடந்து, அகதி முகாம்களில் கிடந்து, மறுபடி ஊர் திரும்பி, இத்தனைக்குள்ளும் ஈரம் படாமல் கொண்டுவந்த ஒரு கடதாசியை எடுத்தாள். தேத்தண்ணி வைக்கப் போகவிடவில்லை.

"அது கிடக்கட்டும் டீச்சர். முதல்ல இத வாசிங்க. என்ர இளையவன் சுதாகரன் உசிரோட இரிக்கான். பொலன்னறுவைப் பக்கம் ஆமிட முகாம் ஒண்டுல வெச்சிரிக்காங்க. நாலு வருசத்துக்குப் பிறகு போன மாசந்தான் கண்ணால கண்ட. மீசை வந்திட்டு டீச்சர். அவன் போகக்குள்ள பதினாறு."

"ம்."

"சின்ன வயசில இயக்கம் பலவந்தமாப் பிடிச்சிட்டுப் போன பொடியனுகள சுறுக்கா விடுறாங்களாம். தானாப் போனவங்களுக்கு வேற லிஸ்டாம். ரெண்டு வருசமோ, மூணோ, ஆருக்கும் தெரியா. எனக்குச் சந்தோசம் டீச்சர். ஏனெண்டா என்னட்ட ஆதாரம் இரிக்கி. அவனப் பிடிச்ச உடனே உதயன் இங்கிலீசில கடிதம் எழுதி நிறுவனத்து வெள்ளைக்காரருக்குக் குடுத்தவன். அதுட கொப்பிதான் இது. போன கிழமை கொண்டுபோய் முகாமில பெரியவர் ஒராளுட கையில குடுத்த. அவர் வாசிச்சுப்போட்டுச் சிரிச்சார். மொழிபெயர்க்கிற பொடியன் சொல்றான், 'அம்மா, உங்கட மகன் தானாப் போய்ச் சேந்தவர் எண்டு நீங்களே எழுதிக் குடுத்திரிக்கிறீங்க' எண்டு." அவள் கடதாசியை நீட்டினாள். "எங்க டீச்சர் அப்படிக் கிடக்கு? நாங்க அப்படிச் சொல்லயில்லயே."

கேதீஸ்வரி வாசித்தாள். பத்து வரிதான். அந்தச் சரிந்த எழுத்து. ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. இடைநிலை வகுப்புப் பொடியன் ஒருவன் தானாக எழுதக்கூடிய கடிதமல்ல அது. நாலாம் வரியில் இருந்தது: 'மை பிரதர் ஜொயின்ட் த மூவ்மென்ட்.' என் தம்பி இயக்கத்தில் சேர்ந்தான்.

அவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

இரண்டாயிரத்து ஐந்து பங்குனி. வெள்ளை நிறக் கூடாரத்துக்குள் சூட்டில் பிளாஸ்டிக் உருகுகிற மணம். நாற்பது பேர். இங்கிலீசு தெரிந்தால் நிறுவனங்களில் வேலை கிடைக்கும் என்று எல்லாரும் வந்து இருந்தார்கள். அண்டைக்கு, அவரவர் குடும்பத்துக்கு நடந்ததைப் பத்து வரியில் கடிதமாக எழுதச் சொல்லியிருந்தாள். திருத்தியபின் நல்ல தாளில் எழுதிக் கொடுத்தால் நிறுவனத்துக்கும் உதவும், பாடமும் ஆகும் என்று. நாற்பது கடிதத்திலும் ஒரே பிழை. 'மை ஃபாதர் வொஸ் டைட்.' 'மை சிஸ்டர் வொஸ் டைட்.' நடந்து முடிந்த எதற்கும் முன்னால் ஒரு 'வொஸ்' போட்டுவிடவேண்டும் என்று அவர்களுக்கு யாரோ எந்தக் காலத்திலோ சொல்லிவைத்திருந்தார்கள். டைட் என்றாலே செத்துப்போனார் என்றுதான் அர்த்தம், 'வொஸ்' வேண்டாம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிக் காட்டி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. செத்துப்போன தகப்பன்மாருக்கும் தங்கைமாருக்கும் முன்னாலிருந்த 'வொஸ்'களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனாள். அந்த வரிசையில்தான் உதயரூபனின் கடிதம் வந்தது. 'மை பிரதர் வொஸ் ஜொயின்ட்.' அதையும் வெட்டினாள்.

அவன் கையை உயர்த்தினான். "டீச்சர், இது சேர்க்கப்பட்டான் எண்டு…"

நிறுவனத்து வாகனம் வெளியே ஹோர்ன் அடித்தது. ஐந்து மணிக்கு முன் ஆமிக் காவலரணைத் தாண்டவேண்டும்.

"ஜொயின்ட்டுக்கு முன்னால வொஸ் வராது தம்பி. எத்தினை தரம் சொல்றது?"

அவன் கையை இறக்கிக்கொண்டான்.

கேதீஸ்வரி கடதாசியை வாங்கில் வைத்தாள். "அக்கா, இது உதயன்ட பிழை இல்ல. நான் திருத்தினதால வந்தது."

சீதேவிப்பிள்ளைக்கு விளங்கவில்லை. "பிழையத் திருத்தித்தானே தந்திருப்பீங்க?"

"உதயன் எழுதினது, தம்பியச் சேர்த்திட்டாங்க எண்டு. நான் ஒரு சொல்ல வெட்டினன். சேர்ந்தான் எண்டு வந்திட்டு."

அந்தப் பெண் உதட்டை அசைத்துச் சொல்லிப்பார்த்தாள். சேர்த்திட்டாங்க. சேர்ந்தான். "அப்ப அவன் எழுதினது சரியா?"

"இங்கிலீசு பிழை. விசயம் சரி."

"நீங்க எழுதினது?"

"இங்கிலீசு சரி."

காற்று யன்னல் கதவை அடித்தது. சீதேவிப்பிள்ளை ஏசுவாள் என்று கேதீஸ்வரி காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றும் நினைத்தாள். அவளோ பொலித்தீன்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"போன கிழமையில இருந்து உதயன் சோறு தின்னயில்ல டீச்சர். 'என்ர கையாலதானேம்மா எழுதின, நாந்தானே தம்பிய மாட்டிவெச்ச' எண்டு ஒரே பறைச்சல். தோணியும் இறக்கயில்ல. என்னோட வந்து இத அவனட்ட ஒருக்காச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டான். உங்கட வாயால சொல்லுங்க."

மறுநாள் காலை பஸ்ஸில் இருவருமாகப் போனார்கள். ஓட்டமாவடி தாண்டியதும் சனம் குறைந்தது. சீதேவிப்பிள்ளை வழி நெடுக நித்திரை. சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து ஏறும்போதுகூட அரைக்கண்ணில்தான் நடந்தாள்.

வீடு என்பது நிறுவனம் கட்டிக்கொடுத்த இரண்டு அறை. ஷெல் விழுந்த பக்கத்துக்குக் கிடுகு கட்டியிருந்தது. தகப்பனைக் கடல் கொண்டுபோனபின் வாவியில் இறால் பிடித்துத்தான் சீவியம். முற்றத்தில் படங்கு விரித்து அவித்த இறால் காய்ந்தது. உதயரூபன் பூவரச நிழலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தான். இப்போது இருபத்தியாறு வயது; தாடி. டீச்சரைக் கண்டதும் எழும்பிச் சாரத்தை இறக்கிவிட்டான்.

கேதீஸ்வரி நின்றபடியே சொன்னாள். பஸ்ஸில் வரும்போது எத்தனையோ விதமாக யோசித்துவைத்திருந்தாள். கடைசியில் நாலு வசனத்தில் முடிந்துபோயிற்று.

"நான் அண்டைக்குக் கேட்டன் டீச்சர்," என்றான் அவன்.

"ஓம். நினைவிருக்கு."

"வொஸ்ஸ வெட்டினாக் கருத்து மாறுமெண்டு மனசுக்குள்ள ஒரு இது இருந்தது. ஆனா நீங்க டீச்சர். நீங்க திருத்தினா அது சரியாத்தானே இரிக்கும் எண்டு அப்படியே பாத்து எழுதின." கொஞ்சநேரம் வலைக்கண்ணை விரலால் நிமிண்டினான். "என்னத்த எழுதியிருக்கோணும்?"

"ஹீ வொஸ் டேக்கன்."

"டேக். டுக். டேக்கன்." வகுப்பில் சொல்வதுபோல் சொன்னான். "படிச்ச சொல்லுத்தான். அண்டைக்கு வரயில்ல. சேர்க்கிறது எண்டுதான் வந்தது."

அவள் கேட்டிருக்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி. நீ சொல்லவந்தது என்ன தம்பி? அரை நிமிசம் போதும். நாற்பது பேரின் கடிதத்திலும் அவள் அதைக் கேட்கவில்லை.

சீதேவிப்பிள்ளை சோறும், மாங்காய் போட்ட இறால் ஆணமும், சுண்டிய முருங்கையிலையும் கொண்டுவந்து வைத்தாள். "இருந்து தின்னுங்க டீச்சர். மனே, நீயும் இரு." உதயரூபன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தான். பிறகு கை கழுவினான். அவன் தின்னும் வரைக்கும் தாய் குசினி வாசலை விட்டு அசையவில்லை.

சாப்பாடு முடிந்தபின் கேதீஸ்வரி சொன்னாள்: "நான் ஒரு சத்தியக்கடதாசி எழுதித் தாறன். திருத்தினது நான், பிழை என்னுடையது எண்டு. ஜே.பி. ஒருவரிட்ட ஒப்பம் வாங்குவம்."

"அதால உங்களுக்குக் கரச்சல் வராதா?" என்று உதயரூபன் கேட்டான்.

"பாப்பம்."

ஓட்டமாவடியில் பதியுதீன் என்றொரு சமாதான நீதவான் இருந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து ஓய்வெடுத்தவர். கேதீஸ்வரியின் தகப்பனோடு ஒரே மேசையில் வேலை செய்தவர். அவள் எழுதிக்கொண்டுபோன இரண்டு பக்கத்தையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"இங்கிலீசு நல்லா இரிக்கி புள்ள."

"அதுதான் எனக்கு வாய்ச்சது."

"பகிடி கிடக்கட்டும். ரெண்டாயிரத்தி அஞ்சில நீங்க இயக்கம் இருந்த அந்தப் பக்கம் போய் வந்த எண்டு நீங்களே எழுதி, அடையாள அட்டை நம்பரும் போட்டு, ஒப்பமும் வெக்கிறீங்க. இது எங்கயெங்க எல்லாம் போய் நிக்கும் தெரியுமா? இங்கிலீசு டீச்சர் நியமனத்துக்கு நேர்முகம் போன எண்டு சொன்னீங்களே, என்ன ஆச்சு?"

"பொலிஸ் றிப்போட் கேட்டிருக்காங்க. அது வந்தாச் சரி."

"வயசு?"

"நாப்பத்தியொண்டு. இதுதான் கடைசித் தரம்."

பதியுதீன் பேனையை மூடி வைத்தார். "இஞ்ச பாரு மகள். உன்ர வாப்பா இருந்தா வேணாம் எண்டுதான் சொல்லுவார். ஒரு ஆறு மாசம் பொறு. நியமனம் கைக்கு வரட்டும். மறுகா எழுது."

ஆறு மாதம். அந்தக் காய்கிற இறாலையும் குசினி வாசலில் நின்ற பெண்ணையும் அவள் நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. நிறுவனங்கள் போனபின் எதைத் திருத்தி எப்படி உலை வைப்பது என்ற பயம், வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பவர்களைப் பற்றிய பயம், எல்லாம் இருந்தது. அவற்றையெல்லாம்விடக் களைப்புப் பெரிதாக இருந்தது. பொறுத்திருந்து, கணக்குப் பார்த்து, இன்னும் ஆறு மாதம் இந்தக் கடிதத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிய அவளால் ஏலாது.

"ஒப்பத்தப் போடுங்க மாமா," என்றாள்.

அவர் முத்திரை குத்தினார். கூலி வாங்கவில்லை.

அதற்குப் பிறகு மாரி வந்தது. வாவி பெருகி முன்னறை வரைக்கும் ஈரம் ஏறியது. சிவில் உடையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாங்கில் இருந்து, பதமாகத்தான் கேட்டார்கள்: அந்தக் கூடாரத்தில் வேறு யார் யார் படித்தார்கள், யாருடைய வாகனத்தில் போனீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார்கள். நியமனக் கடிதம் மற்றவர்களுக்கெல்லாம் தை மாதம் வந்தது, அவளுக்கு வரவில்லை. சத்தியக்கடதாசியாலா, வயதாலா என்று கேட்டுப்பார்க்க அவள் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை. பின்னேர வகுப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் 'ஐ ஆம் கோ' என்றார்கள்.

சித்திரை வருசத்துக்கு இரண்டு நாளிருக்கும்போது உதயரூபன் போன் எடுத்தான். "டீச்சர், தம்பி வந்திட்டான்." பின்னால் தாயின் சத்தம் கேட்டது. வரச்சொல்லு, வரச்சொல்லு என்று.

போனாள். சுதாகரன் முகாமில் கொடுத்த வெள்ளைச் சேட்டோடு கதிரையில் இருந்தான். அயலவர் வந்து பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்று மட்டும் சொன்னான். சீதேவிப்பிள்ளை பலகாரத் தட்டோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவன் ஒரு பயற்றம் பணியாரத்தைக் கையில் எடுத்துவைத்தபடி இருந்தான், அது முடிந்தபாடில்லை. "இந்த டீச்சராலதான் மனே நீ வந்த," என்று தாய் நாலைந்து தரம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். கேதீஸ்வரிக்கு அங்கே இருக்கக் கூச்சமாக இருந்தது.

மூன்று மணி பஸ்ஸுக்கு எழும்பினாள். "நான் கொண்டுபோய் விடுறன்," என்றான் சுதாகரன். அவன் தானாகப் பேசியதே வீட்டாருக்கு அதிசயமாக இருந்தது.

மணல் பாதையில் அவன் இரண்டடி பின்னாலேயே வந்தான். காலொன்றைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். தார் ரோட்டை அடைந்து மருத மரத்தடியில் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"டீச்சர், அண்ணன் குடுத்த முதல் கடிதத்துல பிழை ஒண்ணும் இருக்கயில்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்டைக்கு அம்மா நிவாரண வரிசையில. அண்ணன் உங்கட வகுப்புல. ட்ரக்டர்ல வந்தவனுகள் அண்ணன்ட பேரச் சொல்லித்தான் கேட்டவனுகள். வீட்டுக்கு ஒராள். பின்னேரம் மறுகா வருவம், ஆளை வெச்சிருங்க எண்டவனுகள். நான் யோசிச்சன். அப்பா இல்ல. அண்ணனுக்குத் தோணி விடத் தெரியும், வலை போடத் தெரியும், இங்கிலீசும் படிக்கான். எனக்கு ஒண்ணும் தெரியா. 'நான் வாறன்' எண்டு சொல்லி ஏறிட்டன். ஆரும் இழுக்கயில்ல."

தூரத்தில் ஒரு லொறி வந்து, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது.

"முகாமிலயும் நானாத்தான் வந்த எண்டுதான் சொல்லியிருந்த. அண்ணன்ட பேர் எங்கயும் வரக்கூடா எண்டு. மறுகா உங்கட சத்தியக்கடதாசி வந்தது. நீ சொல்றது பொய்யா, டீச்சர் சொல்றது பொய்யா எண்டு ரெண்டு நாளா வெச்சு விசாரிச்சானுகள். டீச்சர் சொல்றதுதான் சரி எண்டு ஒப்பம் வெச்சன். அதாலதான் விட்டவனுகள். அதுக்கு நன்றி டீச்சர். உண்மையாத்தான் சொல்றன்."

கேதீஸ்வரி வராமற்போன நியமனத்தையும் அந்த மோட்டார் சைக்கிள்காரரையும் நினைத்தாள். கோபம் வருமோ என்று பார்த்தாள், வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையொன்று ட்ரக்டர் பெட்டியில் கையூன்றித் தானாக ஏறுவதுதான் கண்ணுக்குள் நின்றது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியா. தெரிஞ்சா அவன் சோறு தின்னமாட்டான். அம்மாவும் தாங்கா. நீங்க சொல்லக்கூடா."

"பிறகு ஏன் தம்பி எனக்குச் சொன்ன?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆராவது ஒராளுக்குத் தெரிஞ்சிருந்தா நல்லம் எண்டு."

அப்போது பாதையில் சீதேவிப்பிள்ளை ஓடிவருவது தெரிந்தது. தலைமுடி அவிழ்ந்திருந்தது. கையில் பணியாரப் பார்சல். "டீச்சர், இத விட்டுட்டுப் போறீங்களே!" மூச்சு வாங்கியபடி பார்சலைத் திணித்துவிட்டு, மகனையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "தூரத்துல இருந்தே கண்ட, பறைஞ்சுகொண்டு நிக்கான். வந்ததில இருந்து எங்களோட வாய் திறக்கான் இல்ல. என்ன டீச்சர் சொல்றான்?"

சுதாகரன் காலடி மணலைப் பார்த்தான்.

"இங்கிலீசு படிக்க வரலாமா எண்டு கேக்கிறார்," என்றாள் கேதீஸ்வரி.

"ஐயோ, படிக்கட்டும் டீச்சர்! படிப்பியுங்க! ஏன்டா மனே, இத என்னட்டச் சொல்றதுக்கென்ன?" சீதேவிப்பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் சிரித்ததைக் கேதீஸ்வரி முதல்தரமாகக் கண்டாள். பஸ் வந்துவிட்டது.

சித்திரை வருசம் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை. விடிந்து வெயில் ஏறவில்லை. கேதீஸ்வரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். படலைக்கு வெளியே சுதாகரன் நின்றான். எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, அண்ணனுடைய நீளக் காற்சட்டை, கையில் புதுக் கொப்பி.

"வகுப்பு நாலு மணிக்குத்தானே தம்பி?"

"தெரியும் டீச்சர்." கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். "அம்மா நாலு மணிக்கே எழுப்பி, சோறும் கட்டித் தந்து, முதல் பஸ்ஸுல ஏத்திப்போட்டா. கொப்பியும் வாங்கி வெச்சிருந்தவ. என்ன சொல்ற எண்டு எனக்குத் தெரியயில்ல."

கேதீஸ்வரி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"இரு," என்றாள். "தேத்தண்ணி வெக்கிறன். நாலு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரமிருக்கு."

அவன் உள்ளே போய்க் கடைசி வாங்கில், சுவரோடு ஒட்டி இருந்துகொண்டான். அவள் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோது, கொப்பியின்மேல் தலையைச் சாய்த்து நித்திரையாகிப் போயிருந்தான். அவள் எழுப்பவில்லை. வெயில் முகத்தில் படாமல் யன்னல் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தாள்.